ஓடுகிற தண்ணீரில் கழுவியவர்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூச்சி மருந்து அடிக்கப் போகிற ஆளை நான் அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வெள்ளையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுப் பழைய காக்கிக்கு மாறுவார். வேலை முடிந்து, குளித்து, தலை சீவி, மறுபடியும் அதே வெள்ளை. பவர் ஸ்பிரேயரைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு அவர் ஜலகண்டாபுரம் சாலையில் போவதைப் பார்த்தால், யாரோ கல்யாணத்துக்குப் போகிற வழியில் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுபோகிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

"மருந்தடிக்கிறவன் மேல மருந்து நாத்தம் அடிச்சா, அது டாக்டருக்கே சீக்கு வந்த மாதிரிங்க" என்பார். தன் வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடிக்கும். பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் புதிதாகச் சொன்னதுபோல் என் முகத்தைப் பார்ப்பார்.

இப்போது போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஒன்றோடு வடக்கே போய்விட்டார் என்கிறார்கள். அவருடைய நம்பர் என் போனில் இன்னும் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. சரபங்கா ஆற்றில் பூச்சி மருந்து எவ்வளவு கலக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. வழக்கமாக இதற்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். அதில் ஒரு சிக்கல். மருந்து காலையில் ஓடிப் போயிருக்கும், நீங்கள் மத்தியானம் பாட்டிலை நீட்டினால் ஆறு பரமயோக்கியமாக இருக்கும். அதனால் நாங்கள் செய்தது வேறு. உள்ளங்கை அகல சிலிகான் தகடுகளை எவர்சில்வர் கூண்டுக்குள் பொருத்தி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு வந்துவிடுவோம். அதற்குக் கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், பக்கத்தில் ஆள் வேண்டாம். சும்மா கிடப்பதுதான் அதன் உத்தியோகம். வாரக் கணக்கில் கிடந்து, கடந்து போகிற மருந்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். எடுத்து லேபில் கொடுத்தால் இத்தனை நாளில் அந்த இடத்தைத் தாண்டிப் போனது என்னென்ன என்று சொல்லிவிடும். எனக்கு இது ஒரு மந்திரவாதம் மாதிரி இருந்தது. பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர் என்று அகப்பட்டவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர்தான் அவரும். தடுப்பணைக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று கூண்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க அம்மிணி, இதுல அயிரை மீனுகூடச் சிக்காதுங்களே."

வெண்ணெயை மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் பக்கத்தில் இருக்கிற வெங்காய வாசத்தை அது பிடித்துக்கொள்வதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அப்ப இதுகிட்ட யாரும் பொய் சொல்ல முடியாதுங்க" என்றார். என் பேராசிரியர் மூன்று மீட்டிங்கில் சொன்னதை இவர் ஒரே வரியில் சொல்லிவிட்டாரே என்று குஷியாகி, மேலும் அரை மணி நேரம் விளக்கினேன். அதற்கு அவர் சொன்ன பதில், என் கால் முழுக்கச் சேறாக இருக்கிறது, படித்த பிள்ளை இப்படியா பஸ் ஏறுவது என்பதுதான்.

அவருடைய சுத்தத்துக்கு அந்த வட்டாரத்தில் மதிப்பு இருந்தது. காரணமும் இருந்தது. பக்கத்து ஊரில் ஒருவன் காலையில் ஒரு வயற்காட்டில் களைக்கொல்லி அடித்துவிட்டு, டேங்கைச் சரியாக அலசாமல் மத்தியானம் இன்னொருவர் கத்திரித் தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்திருக்கிறான். நாலு நாளில் தோட்டம் முழுக்கத் தீ வைத்த மாதிரி கருகிவிட்டது. இந்தக் கதையை அவர் ரசித்து ரசித்துச் சொல்வார். அந்தத் தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்த மாதிரியே தானும் வைத்துக் காட்டுவார். முடிவில், "எச்சப் போசியில சோறு வடிப்பாங்களா அம்மிணி?" என்பார். அவர் டேங்கில் அப்படி எச்சம் இருக்காது. சாமந்தி போட்டவர்கள், மரவள்ளி போட்டவர்கள் எல்லாம் இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை என்று இவருக்காகக் காத்திருப்பார்கள்.

தடுப்பணையில் அவர் கழுவுவதைப் பார்க்க வேண்டும். முதலில் டேங்கு. மூணு தண்ணி ஊற்றிக் குலுக்கி, கவிழ்த்து, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்து, திருப்தி இல்லையென்றால் நாலாவது. பிறகு ஓஸ், நாசில், மருந்து அளக்கிற மூடி. பிறகு காக்கிச் சட்டையைக் கல்லில் அடித்துத் துவைப்பது. கடைசியாகத் தான். சிவப்பு சோப்பை நகக்கண் வரைக்கும் தேய்த்து, கைகளை வெயிலில் நீட்டிப் பார்ப்பார். கறை ஏதாவது தெரிந்தால் மணலை அள்ளித் தேய்ப்பார்.

எதற்கு இத்தனை என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என்ற புள்ள ஓடி வந்து காலைக் கட்டிக்கும் அம்மிணி, அதுக்குத்தான்" என்றார்.

அந்தப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, தறிப்பட்டறைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் அவர்கள் வீடு கடைசி. அவர் மனைவி பட்டறையில் தறி ஓட்டினார். பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு இன்னும் வராத ஒரே மகள். அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்துவிடும், ஆனால் படி இறங்காது. அங்கேயே நின்று, அப்பா குளித்தாயிற்றா என்பதை, "தண்ணி வாத்தாச்சா?" என்று அதிகாரமாகக் கேட்கும். ஆச்சு சாமி என்று அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டுவார். அது முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தூக்க விடும். இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணிட்டாருங்க என்று அவர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

முதல் தகடுகளை எடுத்து லேபில் கொடுத்தோம். தடுப்பணைக்கு மேலே கட்டியதில் கொஞ்சம்தான் இருந்தது. கீழே கட்டியதில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்கிற அளவுக்கு இருந்தது. கத்திரிக்கு அடிப்பது, மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அடிப்பது, சாமந்திப் பேனுக்கு அடிப்பது எல்லாம் கலந்து கிடந்தன. மழை பெய்து தோட்டத்து மண் அடித்து வந்திருந்தால் இப்படி ஆகும். அந்த வாரங்களில் ஒரு தூறல்கூட இல்லை. இரண்டு கூண்டுக்கும் நடுவில் தோட்டமும் இல்லை. தடுப்பணையும் துவைக்கிற கல்லும்தான் இருந்தன.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அவர் டேங்கைக் கவிழ்த்தார். தண்ணீரில் பால் ஊற்றினதுபோல் வெள்ளையாக ஒரு வால் கிளம்பி, கல்லைச் சுற்றி, கூண்டு கிடந்த பக்கமாக மெதுவாகப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஞ்சாயத்துக் கிணறு. ஆற்று மணலில் ஊறுகிற தண்ணீர்தான் அதற்கு ஆதாரம். அங்கிருந்து மோட்டார் போட்டுத்தான் லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் விடுகிறார்கள்.

அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் அவர் சீப்பை எடுத்துத் தலை வாரும்போது சொல்லலாம் என்று நினைப்பேன், அவர் ஏதாவது வேடிக்கை பேசிவிடுவார், விட்டுவிடுவேன். கடைசியில் எப்படியோ உளறிக் கொட்டினேன். நீங்கள் மட்டுமல்ல அண்ணா, இங்கே கழுவுகிற எல்லாரும்தான் என்று சேர்த்துச் சொன்னேன். ஆனால் அவர்தான் எல்லாரையும்விட நன்றாகக் கழுவுகிறவர். அது அவருக்கும் தெரியும்.

"என்னையவா சொல்றீங்க?" என்றார். கோபமில்லை. நாலு பேர் முன்னால் சட்டையில் கறை என்று யாரோ சுட்டிக் காட்டினதுபோல் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். "ஓடற தண்ணிக்குத் தீட்டே இல்லீம்பாங்களே, அம்மிணி."

ஓடுகிற தண்ணீர் ஓடிப் போய்ச் சேருகிற கிணற்றைக் கை காட்டினேன். அங்கிருந்து குழாய் எங்கே போகிறது என்று நான் சொல்லவில்லை. அவர் கண் அந்தக் குழாயோடு கரையேறி, தறிப்பட்டறையைச் சுற்றி, கடைசி வீடு வரைக்கும் போனதைப் பார்த்தேன். கூண்டை எடுத்துக் காட்டச் சொன்னார். தகட்டை முகர்ந்தார். வாசமே இல்லை என்றார். முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது என்றேன். அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன்.

வேறென்ன செய்வது என்று கேட்டார். டேங்கை அலசிய தண்ணீரை அதே தோட்டத்தில், அதே பயிருக்கே அடித்துவிட வேண்டும் என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதுதான் சரியும்கூட. சரிங்க அம்மிணி என்றார்.

மறுநாளிலிருந்து ஆற்றில் அவர் டேங்கு நனையவில்லை. அதோடு விடவில்லை. மற்ற ஸ்பிரேயர்காரர்கள் வந்தால் கரையில் நின்று விரட்டினார். ஒருவன், ஆறு உங்க அப்பன் ஊட்டுச் சொத்தா என்று கேட்டிருக்கிறான். "ஆமா, என்ற புள்ள குடிக்கிறது" என்று இவர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அடிதடியில் வெள்ளைச் சட்டையின் பை கிழிந்துபோய், அதற்காக வீட்டில் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் யாருமே அங்கே கழுவ வரவில்லை.

அடுத்து எடுத்த தகடுகளில் அளவு சரிந்திருந்தது. அதற்கடுத்ததில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்படி ஒரு கோடு நேராகக் கீழே இறங்குகிற வரைபடம் ஆராய்ச்சி மாணவிகளுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. பேராசிரியர் அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். பஞ்சாயத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டோம். அவரை மேடைக்குக் கூப்பிட்டோம். கஞ்சி போட்ட சட்டையில் வந்து, மைக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "ஆத்துல கழுவாதீங்க, அம்புட்டுத்தானுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நல்ல கைதட்டல். மகள் அவர் மடியில் உட்கார்ந்து, பட்டாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இப்போது எங்கே கழுவுகிறீர்கள் என்று அந்த மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை.

ஆய்வேடு எழுதுகிற மாதங்களில் ஆற்றுப் பக்கம் போகவில்லை. ஒருநாள் அவரே போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, ஆற்றுத் தண்ணி நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். கடைசித் தகடு வரைக்கும் சுத்தம் என்றேன். "பாப்பாளுக்கு ஒடம்பு சொகமில்லீங்க. வாந்தி. அடிக்கடி வருது. வேற எவனாச்சும் கழுவறானோன்னு சந்தேகமுங்க" என்றார். ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். காட்டியதாகவும் ஊசி போட்டதாகவும் சொன்னார்.

ஆடி பிறந்ததும் அந்தக் குழந்தை போய்விட்டது. வலிப்பு வந்து, சேலத்துக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் இருந்ததாம். தகவல் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவிதான் சொன்னார், தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அந்தக் குரலை அன்றைக்கு எப்படித் தாழ்த்துவது என்று தெரியாதவர்போல. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, வீட்டில் பூச்சி மருந்து ஏதாவது புழங்குகிறீர்களா என்பதுதானாம். இவருக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ற ஊட்லயாங்க? அந்த வாசமே வாசப்படி தாண்டாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவரிடம் மேலே என்ன கேட்பது? டாக்டர் வேறு காரணங்களைத் தேடப் போய்விட்டார்.

முகம் கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே புதிதாக ஒரு மேடை இருந்தது. சிமெண்ட் பூசி, மேலே வெள்ளை சிமெண்ட் தேய்த்து, விளிம்பு கட்டி, ஒரு சொட்டு வெளியே தெறிக்காதபடி. மூலையில் ஒரு குழாய். குழாய் இறங்குகிற இடத்தில் ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழி. சுவரில் ஆணி அடித்து ஓஸைச் சுருட்டி மாட்டியிருந்தது. டேங்கு கவிழ்த்து வைத்திருந்தது. அவ்வளவு சுத்தமான இடத்தை நான் அந்த லைனில் பார்த்ததில்லை.

அவர் மனைவியிடம் கேட்டேன். அலசின தண்ணியைத் தோட்டத்துக்காரங்க அடிக்க விடறதில்லை கண்ணு, பயிரு கருகிப்போகும்னு சண்டைக்கு வாராங்க, அதான் இங்க கட்டிக்கிட்டாரு என்றார். தெருவுக்கு ஒரு சொட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வாராம். கழுவி, குளித்து, அதன் பிறகு முன்பக்கமாகச் சுற்றி வந்துதான் வீட்டுக்குள் நுழைவாராம்.

உறிஞ்சுகுழியை ஒட்டித்தான் மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய நிலத்தொட்டி இருந்தது. குழாயில் தண்ணீர் வாரத்தில் எப்போதோ வரும். வரும்போது பிடித்து நிரப்பிக்கொள்கிற தொட்டி, செங்கல் கட்டு. குடிப்பது, சமைப்பது எல்லாம் அதிலிருந்துதான். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். குழி இருக்கிற பக்கத்துச் சுவரில், பாதி உயரத்துக்குமேல் ஈரம் கசிந்து இறங்கியிருந்தது.

அன்றைக்கே அவர்களுக்குக் கேன் தண்ணீர் ஏற்பாடு செய்தேன். என் பையில் இருந்த கூண்டைத் தொட்டிக்குள் இறக்கினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். கயிறு நழுவாமல் முடிச்சை அவரே இறுக்கினார்.

ரிசல்ட் வந்ததும் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று போனேன். ஆற்றில் நான் பார்த்த அதே மருந்துகள், அதே கலவை. வாசலிலேயே சொல்லிவிட்டேன், உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரியும். அவர் காதில் வாங்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். நானும் போனேன்.

"டாக்டரு கேட்டப்ப ஆமான்னு சொல்லியிருந்தா, புள்ள இருந்திருக்குமுங்களா?"

தகடு தண்ணீரில் என்ன இருந்தது என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லும். ஒரு சின்ன உடம்புக்குள் போய் அது என்ன செய்தது, அது மட்டும்தானா, வேறு ஏதாவதா என்று சொல்லாது. இதையெல்லாம் நான் எத்தனையோ பேருக்கு மூச்சு விடாமல் விளக்கியிருக்கிறேன். அவரிடம், "தெரியலைங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை.

"இல்லைன்னு சொல்றதுக்கு இத்தன நேரம் ஆகாதுங்களே, அம்மிணி" என்றார்.

சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்தார். முதல் குத்தில் வெள்ளை சிமெண்ட் கண்ணாடி மாதிரி விரிந்தது. அடுத்ததில் ஜல்லி தெரிந்தது. குத்தக் குத்த அடியிலிருந்து அந்த வாசம் எழும்பியது. இத்தனை நாள் மேலே வராமல் அவர் பூசி வைத்திருந்த வாசம். எனக்குக் கண் எரிந்தது. அவர் நிறுத்தவில்லை.

அவர் மனைவி பின்கதவில் வந்து நின்றார். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒடச்சு?" என்றார். "ஊறிக் கெடக்கற இந்தக் கல்ல, மண்ண எல்லாம் எங்கீங்க கொண்டுபோயிக் கொட்டுவீங்க?"

ஓங்கின கடப்பாரை அப்படியே நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.